நின்ற தண்ணீரின் வேகம்

அவருடைய கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அவ்வளவு அழகான கையெழுத்து. ஒரு வரிகூட ஏறாது, இறங்காது. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, குண்டூசி குத்தி வைத்ததுபோல் நிற்கும். அடித்தல் திருத்தல் கிடையாது.

நான் எதையும் எண்ணுகிறவன். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன், கல்யாணப் பந்தியில் இலைகளை எண்ணுவேன். இப்போது மருந்துக்கடைக்காரன் தரும் மாத்திரைகளை இரண்டு தடவை எண்ணுகிறேன், அவன் முகம் சுளிக்கிறான், சுளிக்கட்டும். ஆனால் எண்ணுவது வேறு, கணக்குப் போடுவது வேறு. எண்ணுவதற்குப் பொருள் கண்ணெதிரே இருக்க வேண்டும். அவர் போட்ட கணக்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நன்னிலத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் பாசனப் பிரிவு அலுவலகம் இருந்தது. நான் அங்கே டிராப்ட்ஸ்மேன். வாய்க்கால், மதகு, ஆயக்கட்டு எல்லாவற்றுக்கும் படம் வரைவது என் வேலை. அவர் எஞ்சினீயராக வந்து சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பென்சில்கள், மூன்றும் ஒரே உயரம். ஒன்று தேய்ந்தால் மற்ற இரண்டையும் சீவிச் சமமாக்குவார். கேட்டால் சிரிப்பார். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். அட்டெண்டர் கோவிந்தசாமியைக்கூட "வாங்க, உக்காருங்க" என்பார். இதையெல்லாம் பார்த்து முதல் ஆறு மாதம் நான் அவரை ஒரு பெரிய மனிதர் என்றே நினைத்திருந்தேன்.

காப்பி ஆறுவதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொன்னார். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் சார்" என்பார். அந்தச் சூத்திரம் காற்று அசையாத அறைக்கு மட்டும்தான் செல்லுமாம். அதனால் காப்பி வந்ததும் கோவிந்தசாமி மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதம், தஞ்சாவூர் ஜில்லா வெயில், ஓட்டுக்கட்டடம். அவருடைய சூத்திரம் சரியாக வர வேண்டும் என்பதற்காக நாங்கள் ஐந்து பேர் வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். குடித்து முடித்து, "பாத்தீங்களா, கரெக்டா இருந்துது" என்பார்.

ஐப்பசியில் ஒருநாள் ஓடு ஒழுகியது. என் படமேஜைக்குப் பக்கத்தில் கோவிந்தசாமி ஒரு வாளியை வைத்தார். இது எப்போது நிறையும், இரவு ஆள் இருக்க வேண்டுமா என்று எஞ்சினீயரிடம் கேட்டார். அவர் உடனே உற்சாகமாகிவிட்டார். சொட்டுகளை எண்ணினார், வாளியின் வாயையும் அடியையும் ஸ்கேலால் அளந்தார், நாளைக் காலை எட்டு மணிக்கு மேல்தான் நிறையும் என்றார். எல்லோரும் வீட்டுக்குப் போனோம். இரவு மழை கொட்டித் தீர்த்தது. வாளி நிறைந்து, தரை நிறைந்து, கீழ்த்தட்டில் நான் சுருட்டி வைத்திருந்த படங்கள் கூழாகிவிட்டன. ஒரு மாத வேலை. காலையில் நான் கத்தினேன். அவர் ஈரப் படங்களைக் கொஞ்சமும் பார்க்காமல், கோபமும் இல்லாமல், எனக்கு விளக்கினார்.

"நேத்து சாயங்காலம் சொட்டின வேகத்துக்கு எப்ப நிறையும்னு கோவிந்தசாமி கேட்டாரு. அதுக்கு நான் சொன்ன விடை சரிதானே சார்?"

"மழைக்காலம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா அது கேள்வில இல்லையே."

அன்றைக்கு இதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அவர் லஞ்சம் வாங்காதவர். இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதுதான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. ஒரு காண்டிராக்டர் மாம்பழக் கூடையைக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனபோது, அதைத் தன் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு போய் அந்த ஆள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார். ஒரு பழம் வழியில் விழுந்து நசுங்கியதாம். அதற்கு ஈடாகக் கடைத்தெருவில் ஒரு பழம் வாங்கிக் கூடையில் சேர்த்திருக்கிறார். வாங்கித் தின்கிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு அவரைப் புரிந்திருக்கும். அவருக்கு எதிலும் ஆசை கிடையாது. ஒரு கேள்வி கிடைத்து, அதற்கு விடை வந்துவிட்டால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

கணக்கில் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. ஒரு தரைப்பாலம் கட்டினபோது தூண்கள் தண்ணீரை மறிக்கும், மறித்தால் மேல்பக்கம் எவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர் ஏறும் என்று கேட்டார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வளைகோடு போட்டுக் கொடுத்தார். நான்தான் அதை மையால் வரைந்தேன். வெள்ளம் வந்தபோது டேப் பிடித்துக்கொண்டு கரையோரம் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன இடத்தில், ஒரு புளியமரத்துக்கு இந்தப் பக்கம், தண்ணீர் ஏறி நின்றிருந்தது. தடுப்பு இருந்தால் தண்ணீர் உயரும், உயர்வதால் ஓட்டம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. இது அவருக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. தெரியும். எங்கள் ஜில்லாவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

பௌனம்மாவின் விஷயம் அதற்கு அடுத்த வருஷம் வந்தது.

அது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். குத்தகைக்காரர் பெயரை ஏட்டில் ஏற்றுகிறோம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். கொஞ்சம் ஏற்றவும் செய்தார்கள். உச்சவரம்புக்குப் பயந்து பண்ணைகள் நிலத்தை மச்சினன் பெயரிலும் பிறக்காத பேரன் பெயரிலும் எழுதிக்கொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. ஏட்டில் பெயர் ஏறிய குத்தகைக்காரரை முன்போல் வாய்வார்த்தையாகக் கிளப்பிவிட முடியாது. ஆனால் ஒரு வழி இருந்தது. தண்ணீர் வந்தும் சாகுபடி செய்யாமல் நிலத்தைத் தரிசு போட்டார் என்று நிரூபித்துவிட்டால் வெளியேற்றிவிடலாம்.

பௌனம்மாவுக்கு வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஏழு மா, அதாவது இரண்டேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகை. கணவர் காய்ச்சலில் போன பிறகு ஏட்டில் பௌனம்மாவின் பெயர் ஏறியிருந்தது. நாற்பது வயதிருக்கும். வாய் சும்மா இருக்காது. எங்கள் அலுவலகத்துக்குத் தண்ணீர் கேட்டு வரும் கூட்டத்தில் அவர் குரல்தான் முதலில் கேட்கும். நான் படம் வரைகிறவன் என்பதால் எனக்குப் படக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்.

அவர்கள் ஊர் வாய்க்காலின் தலைமடையில் பண்ணையின் மேட்டு வயல்கள். வாய்க்கால் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறாது. அதனால் மூங்கில் நட்டு, வைக்கோலும் களிமண்ணும் திணித்து, வாய்க்காலின் குறுக்கே கொரம்பு போடுவார்கள். கொரம்பு என்பது தற்காலிக அணைப்பு, அவ்வளவுதான். தண்ணீர் மறித்து ஏறும், மேட்டு வயலுக்குப் பாயும். அது எல்லா ஊரிலும் உண்டு. மேடு நனைந்ததும் கொரம்பை வெட்டிவிட வேண்டும், தண்ணீர் கீழே போக வேண்டும், அதுதான் நடைமுறை. அந்த வருஷம் பண்ணை வெட்டவில்லை. கேட்கப் போனவர்களைப் பண்ணையின் காரியக்காரர் தடி வைத்துக்கொண்டிருந்த ஆட்களோடு நின்று திருப்பி அனுப்பினார். கடைமடையில் நாற்றங்கால் பழுத்துக் காய்ந்தது. மற்றக் குத்தகைக்காரர்கள் பேசி, பயந்து, ஒவ்வொருவராக நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பௌனம்மா கொடுக்கவில்லை. அவர்மேல் பண்ணை மனுப் போட்டது: தண்ணீர் வந்தது, வேண்டுமென்றே தரிசு போட்டார்.

தண்ணீர் வந்ததா என்பதுதான் வழக்கு. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்த கேள்வி அப்படி இல்லை. பண்ணையின் வக்கீல் கெட்டிக்காரர். அளவுகோலில் இன்னின்ன நாட்களில் பதிவான உயரத்துக்கு வாய்க்காலில் எவ்வளவு ஓடும், அது கடைமடை வரை போதுமா என்று கேட்டிருந்தார்.

தலைமதகுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கல்லில் அடியும் அங்குலமும் பொறித்த அளவுகோல் உண்டு. மதகு பார்க்கும் லஸ்கர் காலையும் மாலையும் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவார். வாய்க்காலின் அகலம், சரிவு, கரையின் சொரசொரப்பு இதையெல்லாம் வைத்து, இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை கன அடி ஓடும் என்று கணக்குப் போடலாம். யாரும் சேற்றில் இறங்க வேண்டாம். தடங்கல் இல்லாமல் ஓடுகிற வாய்க்காலுக்கு இது சரி. பண்ணையின் கொரம்போ அளவுகோலுக்கு நேர்கீழே இருந்தது. அடைத்துக்கொண்ட தொட்டியில் தண்ணீர் மேலே ஏறி நிற்பதுபோல், வாய்க்கால் ததும்பி நின்றது. அளவுகோல் மூன்றடி காட்டியது. ஓட்டம் இல்லை.

கேள்வியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு நாள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. சொரசொரப்புக்கு எந்த மதிப்பை எடுப்பது என்று எத்தனையோ புத்தகம் புரட்டினார். ஐந்து முழுப் பக்கம் எழுதினார். கொரம்பு இருக்கிறதே என்றேன். ஆமாம் சார், தெரியும் என்று சொல்லிவிட்டு, பென்சிலைச் சீவிக்கொண்டே, விவரக்குறிப்பில் அது கொடுக்கப்படவில்லை என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கொடுக்காத ஒன்றை நாமாகச் சேர்த்தால் அது கணக்கு இல்லை, அபிப்பிராயம் என்றார். அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் அவர் வாராவாரம் ஜீப்பில் போய்வந்தார். கொரம்பு பாலத்திலிருந்து கூப்பிடு தூரம்.

விசாரணைக்கு நானும் படத்தைச் சுமந்துகொண்டு போனேன். அதிகாரி மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்தார். எஞ்சினீயர் எழுந்து நின்று, அதே மரியாதையோடு, ஐந்து பக்கத்தையும் வாசித்தார். இதில் எவ்வளவு தவறு இருக்கலாம் என்று அதிகாரி கேட்டதற்கு, நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது என்றார். சொல்லும்போது குரலில் ஒரு கூச்சம் கலந்த பெருமை இருந்தது, கல்யாண வீட்டில் பெண் பாடியதைப் பாராட்டினால் அப்பனுக்கு வருமே, அந்த மாதிரி.

பௌனம்மா கூண்டு மாதிரி வைத்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் நின்றிருந்தார். "எஞ்சினீர் ஐயா சொல்ற தண்ணியில நூத்துக்கு ரெண்டு எனக்குக் குடுத்திருந்தா போதுங்க" என்றார். "நாத்தங்காலக் காப்பாத்திருப்பேன்."

சிலர் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். நான் எழுந்தேன். அளவுகோலுக்குக் கீழே கொரம்பு இருந்தது, அதனால் இந்தக் கணக்கு இந்த வாய்க்காலுக்குப் பொருந்தாது என்று சொன்னேன். நான் யார் என்று கேட்டார்கள். டிராப்ட்ஸ்மேன் என்றதும் வக்கீல் கையை விரித்தார். கொரம்பு இருந்ததற்கு ஏதாவது பதிவு உண்டா என்று கேட்டார். எந்த ஊர்க் கொரம்புக்குப் பதிவு இருக்கிறது? வைக்கோலும் களிமண்ணும். அறுவடை முடிந்து, வாய்க்கால் காய்ந்து, மாசி மாதத்தில் அந்த இடத்தில் நாலு மூங்கில் முளைகூட இல்லை. அதிகாரி எஞ்சினீயர் பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றது மாதிரி இருந்தா உங்க கணக்கு மாறுமா?"

"கண்டிப்பா மாறும் சார்" என்றார் அவர், சந்தோஷமாக. "ஆனா இருந்துதுன்னு எனக்குக் குடுத்த விவரத்துல இல்ல."

நீங்கள் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. வெளியே டீக்கடையில் நான் எஞ்சினீயரைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க உங்க கண்ணால பாத்தீங்களே சார்" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "பாத்தேன். பாத்ததை யாரும் கேக்கலையே" என்றார். என் கையில் இருந்த கண்ணாடி டம்ளரை அவர் முகத்தில் எறியாமல் கீழே வைத்தேன்.

உத்தரவு பண்ணைக்குச் சாதகமாக வந்தது. உத்தரவின் நடுவில் அவருடைய ஐந்து பக்கத்திலிருந்து மூன்று வரிகள் இருந்தன.

உத்தரவு வந்த மறுவாரம் பௌனம்மா அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று கோவிந்தசாமி கதவருகே போய் நின்றார். சண்டைக்கு வரவில்லை. எஞ்சினீயர் என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். பௌனம்மா உட்காரவில்லை. அவர் என்னிடமிருந்து படத்தை வாங்கி விரித்து, அளவுகோல் எது, சரிவு எது, கோடு ஏன் இப்படி இறங்குகிறது என்று ஒன்றையும் விடாமல் விளக்கினார். ஒரு கல்லூரி மாணவனுக்குச் சொல்வதுபோல், அவ்வளவு பொறுமையாக. அந்தப் பொறுமையை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை, ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

"இதுல என் வயலு எங்க இருக்குதுங்க?" என்று கேட்டார் பௌனம்மா.

அவர் படத்தின் வலது ஓரத்தைக் காட்டினார். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், என்றால் பச்சை வண்ணம் பூச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நட்டாலும் நடாவிட்டாலும் படத்தில் அது பச்சைதான். பௌனம்மா அந்தப் பச்சையின் மேல் பெருவிரலை வைத்து ஒருதரம் தேய்த்தார். என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் வெளைஞ்சிருக்குது, படக்காரரே" என்றார்.

பிறகு அவரிடம் கேட்டார். "அப்ப தண்ணி வந்துச்சுங்களா ஐயா?"

"கணக்குப்படி வந்துதும்மா."

"நான் அங்கதானுங்களே நின்னுக்கிட்டு இருந்தேன்."

அவர் வருத்தப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது லேசான ஏமாற்றம்தான். இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்ற ஏமாற்றம். பௌனம்மா புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணையில் வாய் திறந்ததற்கு என்னை மாயவரத்துக்கு மாற்றினார்கள். அடுத்த சம்பாவில் பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். பண்ணை கொரம்பை முறைப்படி வெட்டிவிட்டிருந்தது, ஏனென்றால் இப்போது கடைமடையும் பண்ணையின் கையில். ஏழு மாவிலும் தண்ணீர் தளும்பி நின்றது. பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேர். நாலாவது ஆள் பௌனம்மா. தன் வயலில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கூத்தாநல்லூரில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே காலமானார் என்று கோவிந்தசாமி மகன் சொல்லித்தான் தெரியும்.

எஞ்சினீயர் படிப்படியாக உயர்ந்தார். பெரிய பதவியில் ஓய்வு பெற்றார். பல வருஷம் கழித்து ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பிதழ் வந்தது. பொறியியல் சிக்கல்களுக்குக் கணித வழித் தீர்வு என்று அவர் பேசுகிறார், பழைய சக ஊழியர்கள் வர வேண்டும். போகாமல் இருந்திருக்கலாம். மூட்டுவலி வேறு. இரண்டு பஸ் மாறிப் போனேன்.

அவர் தலை முழுக்க வெளுத்திருந்தது. கரும்பலகையில் எழுத்து மட்டும் மாறவில்லை. டெல்டாவில் ஒரு வாய்க்கால் என்று தொடங்கி ஒரு படம் போட்டார். தலைமதகு, அளவுகோல், அதற்குக் கீழே ஒரு குறுக்குக் கோடு. அதே வாய்க்கால், அதே மூன்றடி. இங்கேதான் பலர் ஏமாந்துபோவார்கள் என்றார். கொரம்பு போட்ட வாய்க்காலில் அளவுகோலை நம்பக்கூடாது, தண்ணீர் நிற்கும், ஓடாது என்று சொல்லி, கடைமடைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று மாணவர்களைக் கேட்டார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, ஒன்றுமே போயிருக்காது என்றாள். சரியான விடை என்றார். பலகை நிறையப் போட்டு நிரூபித்தார். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். என்னை அடையாளம் கண்டு அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். என் வளைகோடுகளை மையால் வரைந்தவர் இவர்தான் என்று சபைக்கு அறிமுகம் செய்தார்.

"இந்த வாய்க்கால்ல அந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணி போச்சுன்னு எழுதிக் குடுத்தது யார் சார்?" என்றேன்.

"நான்தான்." கொஞ்சமும் தயங்கவில்லை. "அது வேற கணக்கு சார். அங்க நிபந்தனை வேற."

"வாய்க்கால் ஒண்ணுதானே."

"வாய்க்கால் ஒண்ணுதான். கேள்வி ரெண்டு."

"அந்த ரெண்டு கேள்விக்கு நடுவுல ஒரு பொம்பளையோட நிலம் போச்சு சார்."

அவர் தலையைச் சாய்த்து யோசித்தார். ஒருவேளை, இத்தனை வயதுக்குப் பிறகாவது, என்று நானும் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதை இப்படி நான் யோசிக்கவே இல்ல. ரொம்ப நல்ல உதாரணம் சார். ஒரே அளவு, ரெண்டு நிபந்தனை, ரெண்டு விடை. என் புஸ்தகம் அச்சுலதான் இருக்கு, பயிற்சிக் கணக்காச் சேத்துடறேன். அந்தம்மா பேரு என்ன சார்? பேரோட போட்டா பசங்க மனசுல நிக்கும்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் அதையும் வருத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார். பரவாயில்லை, ஒரு விவசாயி என்றே போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, நான் படியிறங்குவதற்குள் எழுதியும் முடித்துவிட்டார்.